தண்ணீர் ஊசி என்று நான் போட்ட சண்டை

கோபம் வந்தால் எனக்கு பெங்காலி மறந்துவிடும். கொல்கத்தாவில் பதினெட்டு வருடம் இருந்து என்ன பிரயோஜனம்? காய்கறி வாங்க வரும், பஸ்ஸில் நகரச் சொல்ல வரும், சண்டை போட மட்டும் வராது. இது நன்றாகத் தெரிந்தும், ஒரு சனிக்கிழமை காலை காளிகாட்டில் ஒரு குழந்தை டாக்டரோடு சண்டை போடக் கிளம்பினேன்.

என் மகள் மீனுவுக்கு அப்போது ஏழு வயது. ரத்தப் புற்றுநோய் வந்து, இரண்டு வருடத்துக்கு மேல் சிகிச்சை எடுத்து, மருந்துகளை நிறுத்தி ஐந்து மாதம் ஆகியிருந்தது. தலையில் முடி வளர்ந்து, மறுபடியும் பள்ளிக்குப் போக ஆரம்பித்திருந்தாள். அந்த வாரம் பக்கத்து வகுப்பில் ஒரு குழந்தைக்குத் தட்டம்மை. "நம்ம கார்டுல எல்லா ஊசியும் போட்டாச்சு, பயமே இல்ல" என்று மனைவி மாலதியிடம் தடுப்பூசி அட்டையை விசிறி மாதிரி ஆட்டிக் காட்டி, மீனுவைத் தினமும் பள்ளிக்கு அனுப்பியவன் நான்தான்.

சனிக்கிழமை, வழக்கமான ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட் வந்தது. தட்டம்மைக்கு எதிர்ப்புச் சக்தி: இல்லை.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. இரண்டு வருடமாக யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் சேர்த்து வைத்திருந்த கோபம். புற்றுநோயின் சட்டையைப் பிடித்து உலுக்க முடியுமா? இப்போது உலுக்குவதற்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார், மீனு கைக்குழந்தையாக இருந்தபோது அந்த ஊசிகளைப் போட்ட டாக்டர்.

"அவங்க போட்டது ஊசியே இல்ல, தண்ணி!"

"ஏங்க, ஆஸ்பத்திரி பெரிய டாக்டர்கிட்ட முதல்ல போன் பண்ணிக் கேளுங்களேன்" என்றாள் மாலதி.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு?"

மீனுவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி ஃபைலையும் (ஆதாரம் வேண்டாமா?) அக்குளில் இடுக்கிக்கொண்டு எங்கள் வீடு இருக்கும் டாக்குரியாவில் ஆட்டோ ஏறினேன்.

கிளினிக் நிறைய இருமலும் சளியும் காய்ச்சலுமாகக் குழந்தைகள். டாக்டர் அறுபது வயதுப் பெண்மணி, தெருவே அவரை டாக்டர் தீதி, அதாவது டாக்டர் அக்கா, என்று கூப்பிடும். அவர் அறைக் கதவைத் தள்ளி நின்று, 'நீங்கள் போட்டது வெறும் தண்ணீர்' என்று முழங்க வாயைத் திறந்தேன். ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"ஜொல்! ஜொல்!" (பெங்காலியில் தண்ணீர்.)

வரவேற்பு மேஜைப் பெண் பதறிப்போய் ஒரு டம்ளர் தண்ணீரோடு ஓடி வந்தாள். "கான் தாதா, கான்!" குடிங்க அண்ணா, குடிங்க என்கிறாள். வாங்கிக் குடித்தும் தொலைத்தேன். (சண்டைக்குப் போனவன் செய்கிற காரியமா இது?) அப்புறம் இந்தியும் தமிழும் கலந்து என்னென்னவோ கத்தி, ரிப்போர்ட்டை டாக்டர் முன்னால் வீசினேன்.

அவர் அதைப் பார்த்தார். என் அக்குளிலிருந்து ஃபைலைப் பிடுங்கினார். இரண்டாம் பக்கத்தைப் பிரித்து என் மூக்குக்கு நேரே பிடித்தார்.

"படிங்க!"

சிகிச்சையால் பழைய தடுப்பூசிகளின் பலன் போயிருக்கலாம், சிகிச்சை முடிந்து ஆறு மாதம் கழித்து மறுபடி போட வேண்டும், அதுவரை தட்டம்மை இருக்கும் இடத்துக்கு அனுப்பக் கூடாது என்று அச்சடித்திருந்தது. கீழே 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று என் கையெழுத்து. (நான் ரயில்வே அலுவலகத்தில் ஃபைல் படித்துச் சம்பளம் வாங்குகிறவன்.)

"நான் போட்ட ஊசி ஒழுங்காத்தான் வேலை செஞ்சுது" என்று டாக்டர் பெங்காலியில் பொரிந்தார். "புத்துநோயைக் கொன்ன மருந்து, அந்த ஊசி சொல்லிக்குடுத்ததை ஞாபகம் வச்சிருந்த அணுக்களையும் சேர்த்துக் கொன்னுடுச்சு. அது இருக்கட்டும். யாருக்கு என்ன காய்ச்சல்னு தெரியாத இந்தக் கூட்டத்துக்குள்ள இவளை எதுக்கு இழுத்துட்டு வந்தீங்க? முதல்ல வெளியே கூட்டிட்டுப் போங்க!"

மீனுவைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஆட்டோவில் அவள் கேட்டாள். "அப்பா, டாக்டர் தீதி உனக்கு ஏன் அவ்ளோ பொகுனி குடுத்தாங்க?" (பொகுனி என்றால் திட்டு. அவளுக்குப் பாதித் தமிழ் பெங்காலிதான்.) "ஹோம்வொர்க் பண்ணலையா?"

"பண்ணலை."

பெரிய டாக்டருக்குப் போன் செய்தோம். மீனுவைப் பள்ளிக்கு அனுப்புவதை உடனே நிறுத்தச் சொன்னார். மூன்று வாரம் மணிக்கொரு தடவை மீனுவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். நல்லவேளை, எதுவும் வரவில்லை. அவளுக்கு மறுபடி ஊசி போடும்வரை சுற்றியிருக்கிற குழந்தைகள் ஊசி போட்டிருப்பதுதான் காவல் என்றும் பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். போதாதா? மிச்சமிருந்த கோபத்தை எடுத்துக்கொண்டு எங்கள் அடுக்குமாடியில் வீடு வீடாகப் படியேறி அட்டை கேட்டேன். மூன்றாம் மாடிக்காரர், "எங்க பையன் நல்லா சாப்பிடறான், அவனுக்கு எதுக்கு ஊசி?" என்றார். அவன் ஊசி போட்டுக்கொண்டு வரும்வரை நான்கு நாள் அவர் வாசலில் போய் நின்றேன்.

ஆறு மாதம் முடிந்து மீனுவுக்கு எல்லா ஊசிகளும் முதலிலிருந்து போட்டாயிற்று. இப்போது அவளுக்குப் பதினொரு வயது. நான் மாடிப்படியில் வந்தால் பிள்ளைகள், "டீக்கா காக்கு வர்றார்!" என்று சிதறி ஓடுகின்றன. ஊசிச் சித்தப்பா என்று அர்த்தம். அந்தப் பெயரை வைத்தது என் மகள்தான்.

போன மாதம் எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் எங்கள் மணியை அடித்தாள். பெயரைக்கூடச் சொல்லாமல் ஒரு தடுப்பூசி அட்டையை நீட்டி, "முதல்ல உங்ககிட்ட காட்டணும்னு கீழே சொன்னாங்க" என்றாள். மாலதி சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன்.

ஓர் ஊசி விட்டுப்போயிருந்தது. எனக்கு வந்ததே கோபம்!