சொல்தாவின் பட்டாளத்தில் ஒரு ஆள் குறைவு

அன்று சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் தெரு முச்சந்தியில் குனிந்து மண்ணைச் சலித்துக்கொண்டிருந்தவர்கள் இவர்கள்: நான், மாவு சல்லடையோடு என் மனைவி செல்வி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டு முசியே (பிரெஞ்சில் 'ஐயா'; தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும்), வேப்பமரத்தடிக் கோயில் பூசாரி, எங்கள் மாடியில் குடியிருந்த சொல்தா. இவர்களைத் தவிர, உடைந்த பூசணிக்காயில் தன் பங்கை விட்டுக்கொடுக்க மறுத்த ஒரு மாடு. வேடிக்கை பார்த்தவர்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் தெரு முழுக்க எழுத வேண்டிவரும்.

நாங்கள் தேடிக்கொண்டிருந்தது என்னை.

விளக்கமாகச் சொல்கிறேன். பிரெஞ்சுக்காரர்கள் கப்பல் ஏறிய பிறகு புதுச்சேரியில் சொந்தமாகப் பட்டாளம் வைத்திருந்த ஒரே ஆள் எங்கள் சொல்தாதான். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். குதிரைப்படை, வில்படை, கொடி பிடிக்கிறவன், முரசு அடிக்கிறவன் எல்லாரும் உண்டு. ஒவ்வொருவனும் ஒரு அங்குல உயரம். பதினோரு வருஷமாகப் பார்சல் பார்சலாக வரவழைத்து, துண்டு துண்டாக ஒட்டி, நாலு முடி மட்டும் இருக்கிற பிரஷ்ஷால் சாயம் பூசிச் சேர்த்த பட்டாளம். மேஜைமேல் இரண்டு படைகளை நிறுத்தி, டேப்பால் அளந்து, பகடை உருட்டிச் சண்டைபோடும் ஒரு விளையாட்டு வெளிநாட்டில் இருக்கிறதாம். அதற்கான படை.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. முன்பே தெரிந்திருந்தால் அவனுக்குப் பிரெஞ்சில் சிப்பாய் என்று அர்த்தம் வரும் 'சொல்தா' என்ற பெயரும் வந்திருக்காது, எனக்கு முச்சந்தியில் அந்த மரியாதையும் கிடைத்திருக்காது.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். அப்பா மில்லில் இருந்தார். நான் சேதராப்பட்டில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி. இருபது வருஷமாக மற்றவர்கள் பையைத் திறந்து பார்த்தே சம்பளம் வாங்குகிறேன். அப்படிப்பட்டவன் வீட்டு மாடிக்கு ஒருவன் குடிவருகிறான். தண்ணீர் வருமா என்று கேட்கவில்லை. கொசு உண்டா என்று கேட்கவில்லை. "ஜன்னல் எந்தப் பக்கம்ணா? வடக்க இருந்து வெளிச்சம் வந்தா ரூம எடுத்துக்கிறேன்" என்கிறான். வெளிச்சத்துக்காக வாடகை கொடுக்கிறவனை நீங்கள் நம்புவீர்களா?

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது அவன் வேலை. அறுபதடிப் படகுக்குப் பட்டை பிரஷ்ஷால் நீலமும் சிவப்பும் அடித்துவிட்டு, நான்கு மணிக்கு வீடு திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்வான். அப்புறம் மாடியிலிருந்து ஒரு சத்தமும் வராது. சத்தம் போடுகிற குடித்தனக்காரனைச் சமாளிக்கலாம். சத்தமே போடாதவனை என்ன செய்வது?

பார்சல்கள் வரும். செங்கல் அளவுப் பெட்டி, சீட்டெல்லாம் வெளிநாட்டு எழுத்து. அவன் இல்லாத நேரத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கிவைப்பேன். குலுக்குவேன், மோந்து பார்ப்பேன், கையில் எடை பார்ப்பேன். உள்ளே கலகலவென்று எலும்பு மாதிரிச் சத்தம்.

அதைவிட மோசம், அவன் சேர்த்த கார்க்குகள். ஒயிட் டவுன் ஓட்டல்களின் பின்வாசலில் போய் ஒயின் பாட்டில் கார்க்குகளைப் பொறுக்கிப் பை நிறையக் கொண்டுவருவான். குடிக்கமாட்டான், ஒரு சொட்டுக்கூட. நம்ம ஊரில் பாட்டிலை விட்டுவிட்டு மூடியை எடுத்துக்கொண்டு போகிறவன் எவனாவது உண்டா?

ஒருநாள் படிக்கட்டில் நின்றபோது அவன் போனில் பேசுவது காதில் விழுந்தது. காதில் விழும்படி நின்றேன் என்றும் சொல்லலாம்.

"தல தனியா வந்துருக்கு, ஒடம்பு தனியா வந்துருக்கு... ஆமா. இன்னிக்கு இருபது பேருக்குக் கழுத்த ஒட்டிடுவேன். ஒருத்தனுக்குக் கை ரெண்டும் காணோம். பாக்கலாம், வேற எவனுதையாவது அறுத்து வெச்சிடறேன்."

கீழே வந்து செல்வியிடம் சொன்னேன். அவள் மீனை ஆய்ந்தபடியே கேட்டாள்: "அஞ்சாந்தேதி ஆனா வாடக வருதில்ல?"

"வருது."

"அப்புறம் எவன் தல எங்க இருந்தா ஒங்களுக்கு இன்னா?"

இப்படி ஒரு மனைவி அமைந்தால் கவலைப்படுகிற வேலை முழுக்க நம் தலையில்தான் விழும்.

பிறகு அவன் என்னைப் பார்க்க ஆரம்பித்தான். சும்மா பார்வை இல்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது எதிரே வந்து நிற்பான். "அண்ணா, கொஞ்சம் அந்தாண்ட திரும்பு. மூக்கு நெழல் எங்க விழுதுன்னு பாக்கணும்." ஒருநாள் என் தொப்பையை நூலால் அளந்துவிட்டுப் போனான். விளையாட்டுக்கு என்றான். என் தொப்பையில் என்ன விளையாட்டு?

அதே மாதம்தான் எனக்கு வலது குதிகால் வலி வந்தது. காலையில் எழுந்து காலைக் கீழே வைத்தால் ஆணி ஏறினமாதிரி இருக்கும். ஆணி என்கிற வார்த்தையைக் கவனிக்கவும். கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிப்போய் வரிசையில் நின்று காட்டினேன். டாக்டர் அழுத்திப் பார்த்துவிட்டு, "எட்டு மணி நேரம் நிக்கிறீங்க, இந்தத் தேஞ்ச செருப்ப மொதல்ல மாத்துங்க" என்றார். அவ்வளவுதான். அதிகம் படிக்காதவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு: டாக்டர் சொன்னதை நம்பித்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. செருப்பை மாற்றவில்லை.

கார்த்திகை மழையில் மாடியின் ஆஸ்பெஸ்டாஸ் ஒழுகுகிறதா என்று பார்க்க, அவன் வேலைக்குப் போனபிறகு என்னிடமிருந்த சாவியால் திறந்தேன். ஒழுகவில்லை. ஆனால் சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்கச் சின்னச் சின்ன ஆட்கள், எல்லாரும் வாசலைப் பார்த்தபடி. மேஜைமேல் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர்கள் கண்ணில் மாட்டும் பூதக்கண்ணாடி. அதன் அடியில் ஒரு கார்க். கார்க்கின் மேல், தனியாக, ஒருவன்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கையில் ஈட்டி, தலையில் இரும்புத் தொப்பி. அதற்குக் கீழே என் மூக்கு. என் மீசை. என் தொப்பை. இடது கன்னத்து மச்சம்கூட அப்படியே. வலது குதிகாலில் கீழிருந்து மேலாக ஒரு ஆணி ஏற்றி, அந்த ஆணியில்தான் அவனைக் கார்க்கில் குத்தி நிறுத்தியிருந்தது.

எப்படிப் படி இறங்கினேன் என்று எனக்குத் தெரியாது. வந்து பார்த்தபோது அந்தக் கார்க் என் சட்டைப்பையில் இருந்தது.

செல்வியே இந்தமுறை மீனை விட்டுவிட்டு எழுந்துவிட்டாள். "பாவி, ஒங்கள மாதிரியே இல்ல இருக்குது!" என்றாள். நேரே பூசாரியிடம் போனோம். அவர் தொடவில்லை. தள்ளி நின்று பார்த்தார்.

"கால்ல குத்திருக்கான். அடுத்து எங்க குத்துவானோ, அது எனக்குத் தெரியாது. நாளைக்கு அமாவாச. ஆணியப் புடுங்கிட்டு, பொம்மைய பூசணிக்காய்க்குள்ள போட்டு, குங்குமத்த ரொப்பி, உச்சி வேளையில முச்சந்தியில ஒடச்சிடு. திரும்பிப் பாக்காம வந்துடு."

ஆணி சுலபத்தில் வரவில்லை. குறடு வைத்து இழுத்ததில் பொம்மையின் குதிகாலும் கொஞ்சம் பெயர்ந்து வந்தது. மறுநாள் லீவு போட்டு, சொன்னபடி உடைத்தேன். திரும்பிப் பார்க்காமல் வந்தேன். மத்தியானம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். குதிகால்கூட லேசாக விட்டமாதிரி இருந்தது.

நாலரை மணிக்கு அவன் கீழே வந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"அண்ணா, ஒருத்தன் கொறயறான்."

"யாரு?"

"நீதான்ணா."

அவன் பாட்டுக்குப் பேசினான். "நேத்து ராத்திரி வேல முடிஞ்சி சரியா பாக்கல. இன்னிக்கு எண்ணிப் பாத்தா முந்நூத்திப் பதினொண்ணுதான் நிக்குது. கட்டிலுக்கு அடியில பாத்துட்டேன், எலி வளையில பாத்துட்டேன். நீதான்ணா கடைசி ஆளு. ஒன்ன முடிச்சாத்தான் பட்டாளம் முடியும். மூக்குக்கே மூணு வாரம் ஆச்சி."

"ஆணி இன்னாத்துக்குடா குத்துன?" என்று கத்திவிட்டேன்.

அவன் விழித்தான். "ஆணி குத்தாம எங்கண்ணா புடிச்சி பெயிண்ட் அடிக்கிறது? எல்லாரும் மொதல்ல ஆணியிலதான் நிப்பாங்க. கார்க்கப் புடிச்சிக்கிட்டா கை படாம பூசலாம். அண்ணியும் ஆணியிலதான் நின்னாங்க. முசியேவும் நின்னாரு." மடியிலிருந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினான். செல்வி குதிரைமேல் வாளோடு இருந்தாள். முசியே முரசு அடித்துக்கொண்டிருந்தார். "படகுக்கு ஓட்ட அடைக்கிற பட்டிய வெச்சி நான்தான் மொகம் செய்வேன். மொகம் தெரியாதவன எப்படிண்ணா சண்டைக்கு அனுப்புறது?"

செல்விதான் பூசணிக்காயைப் பற்றிச் சொன்னாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் கோபப்படவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "பரவால்லண்ணா. சந்தேகம் வந்த வீட்டுல இருக்கக்கூடாது. நான் வேற ரூம் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு முச்சந்தியைப் பார்த்து நடந்தான். பின்னாலேயே நான் ஓடினேன். குதிகால் வலியோடுதான் ஓடினேன். அதைக் கவனிக்கக்கூட நேரம் இல்லை.

அப்படித்தான் நாங்கள் ஐந்து பேரும் மண்ணைச் சலிக்க ஆரம்பித்தோம். முசியே சத்தம் கேட்டு வந்தவர். பூசாரியை நான் இழுத்துவந்தேன். "ஒடச்சத திரும்பத் தேடக்கூடாதுப்பா, சாஸ்திரமே இல்ல" என்று சொல்லிக்கொண்டே அவரும் தேடினார். ஈட்டி கிடைத்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை. மாடு மட்டும் ஓரமாக நின்று ஒவ்வொரு துண்டாக உள்ளே தள்ளிக்கொண்டிருந்தது. அதன் வாயில் கடைசியாகப் போய்க்கொண்டிருந்த துண்டின் நுனியில் சிவப்பாக ஏதோ தெரிந்தது.

"ஏங்க, அதுல இருக்கீங்க!" என்று கத்திக்கொண்டு செல்வி பாய்ந்தாள். ஒரு முனை மாட்டின் வாயில், மறுமுனை இவள் கையில். முசியே கொம்பைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் மாட்டை ஏதோ திட்டினார். மாட்டுக்கு என்ன புரிந்ததோ, விட்டுவிட்டது. "வோலா! பாத்தியா!" என்றார் முசியே.

மாடிக்குப் போனோம். சொல்தா பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொம்மையை வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தலையிலிருந்து தொப்பைவரை குங்குமம் இறங்கி ஊறியிருந்தது. குதிகால் இல்லை.

"அண்ணா," என்றான் கடைசியில். "ரத்தம் எனக்கு இவ்ளோ நல்லா வரவே வராதுண்ணா."

அதைத் துடைக்கவே இல்லை. மேலே வார்னிஷ் பூசி அப்படியே வைத்துவிட்டான். வேறு ரூம் பார்க்கிற பேச்சும் அத்தோடு போனது.

"நான் இன்னா வேல பாக்குறேன் ஒன் படையில?" என்று கேட்டேன், குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"வாசக் காவல். எல்லாரும் தூங்கும்போது சந்தேகப்பட ஒருத்தன் வேணும்ல?"

அந்த விளையாட்டில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் இத்தனை புள்ளி என்று மதிப்பு உண்டாம். செல்விக்குத் தொண்ணூறு. எனக்கு ஆறு. அன்றிலிருந்து வீட்டில் எனக்குக் குழம்பில் மீன் துண்டு ஒன்று குறைந்தாலும், "ஆறு புள்ளிக்கு இது போதும்" என்கிறாள்.

"எத்தன சண்ட போட்டுருக்கு இந்தப் பட்டாளம்?" என்று கேட்டார் முசியே.

சொல்தா தலையைச் சொறிந்தான். "ஒண்ணுகூட இல்ல முசியே. எதிரி வேணுமே. பதினோரு வருசமா சேக்கறேன், இந்த ஊர்ல எனக்கு ஒரு எதிரி கெடைக்கல."

முசியே சிரிக்கவில்லை. "நான் மட்டும் இன்னா? பன்னெண்டு வருசம் நெஜ சொல்தா. சமையக்கட்டுல உருளக்கெழங்கு சீவுனேன். நான் பாத்த ரத்தம் என் வெரல்ல வந்ததுதான்." பிறகு என் பொம்மையைச் சுட்டி, "ஒன் படையில களத்துல காயம்பட்டவன் இவன் ஒருத்தன்தான். காயம்பட்டவனுக்குப் பென்ஷன் உண்டு. அது சட்டம். மாத்த முடியாது" என்றார். அன்றுதான் அவனை முதல்முதலாக "ஏம்பா சொல்தா" என்று கூப்பிட்டார். மறுநாளே தெரு முழுக்கப் பரவிவிட்டது.

மாசம் பதினோரு ரூபாய் என்று முடிவானது. வாடகையோடு தனிக் கவரில் கொண்டுவந்து கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வான். முசியே தன் பிரெஞ்சுப் பென்ஷனுக்காக வருஷா வருஷம் 'செர்த்திபிக்கா' கொடுக்கவேண்டும். உயிரோடுதான் இருக்கிறேன் என்ற சான்று. இவன் அதை எனக்கு மாதா மாதம் ஆக்கிவிட்டான். வாசலில் நின்று, "அண்ணா, உயிரோட கீறியா?" என்பான். "கீறேன்" என்று நான் சொன்னபிறகுதான் கவர். என்னை வைத்து விளையாடுகிறானோ என்று எனக்கு அப்போதும் ஒரு சந்தேகம்.

குதிகால் வலி போய்விட்டது. புதுச்செருப்பு வாங்கினேன், அதனால்தான் என்கிறாள் செல்வி. ஆணியைப் பிடுங்கிய அதே வாரம்தான் செருப்பும் வாங்கினேன் என்பதை நான் இங்கே சொல்லிவைக்கிறேன்.

போன வருஷம் காரைக்கால் துறைமுகத்தில் நிரந்தர வேலை கிடைத்து அவன் போய்விட்டான். முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் முட்டை அட்டைகளில் படுக்கவைத்து, மீன் பெட்டிகளில் அடுக்கி, டெம்போவில் ஏற்றினான். வண்டி கிளம்பும்போது என்னைத் தேடினேன். முன்சீட்டில், கண்ணாடிக்குக் கீழே, வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.

மாடி அறை இன்னும் காலிதான். யார் வந்து கேட்டாலும் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் தேதி தவறாமல் போன் வருகிறது.

"அண்ணா, உயிரோட கீறியா?"

"கீறேன்டா. எதிரி கெடைச்சானா?"

"இங்கயும் இல்லண்ணா. பென்ஷன் சேந்துகினே போவுது, நேர்ல வந்து தரேன்."

போனிலேயே அனுப்பச் சொல்லலாமே என்கிறாள் செல்வி. அதெல்லாம் கூடாது. கையெழுத்து யார் வாங்குவது? அவன் வந்து, வாசலில் நின்று, என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டுவிட்டுக் கொடுத்தால்தான் வாங்குவேன். இன்றைய தேதிக்குப் பதினான்கு மாதப் பாக்கி, நூற்றைம்பத்து நான்கு ரூபாய்.