சிவப்புக் கண்ணாடியும் வானத்துப் புகையும்

என் முன்னால் வந்து இருந்த எவரையும் நான் வடிவில்லாமல் திருப்பி அனுப்பியதில்லை. கோணல் மூக்கை நேராக்கியிருக்கிறேன். மாப்பிள்ளையின் வழுக்கையைத் தலைப்பாகையால் மூடியிருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் சாவகச்சேரிச் சந்தைக்குப் பக்கத்தில் சொந்தமாய் ஸ்டூடியோ போட்டு, கல்வீடும் கட்டினேன் என்றால் சும்மாவா? (சும்மா இல்லை. கேட்டால் இன்னும் சொல்லுவன்.) ஆனால் என் ஆயுளில் ஒரேயொரு படம் என்னைத் தலைகுனிய வைத்தது. அதில் ஆளும் இல்லை, முகமும் இல்லை. ஒன்றுமே இல்லை என்பதுதான் சங்கதி.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கச் சில வருசம் முந்தி நடந்தது. மலாயாவில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்து பென்சனோடு ஊர் திரும்பிய ஒருவர் எங்கள் பக்கத்தில் குடியிருந்தார். மற்றப் பென்சன்காரர் தங்கச் சங்கிலியும் தையல் மிசினும் கொண்டுவந்தார்கள். இவர் கொண்டுவந்தது ஆள் நீளத்தில் ஒரு பித்தளைத் தூரதரிசனி. பின்வளவில் சீமெந்துத் தூண் கட்டி அதன்மேல் பூட்டி, பொழுதுபட்டால் அதற்குள் கண்ணை விட்டு வானத்தைப் பார்த்தபடி நிற்பார். வானத்தில் றெயில் ஏதும் பிந்தி வருகுதோ என்று ஊரார் கேட்டுவிட்டுப் போவார்கள். அவருடைய மனைவி பகிடி பண்ணுவதில்லை. இருட்டுக்குள் ஒன்றுமில்லாததைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்று நேரேயே சொல்லுவா.

அந்த வருசம் அந்த அம்மா கிணற்றடியில் சறுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டா. மல்லாந்து கிடக்கலாம், எழுப்பி இருத்த ஏலாது. அப்படிக் கிடந்த ஒருநாள், என்னத்தைத்தான் பார்க்கிறியள், எனக்கும் ஒருக்காக் காட்டுங்கோவன் என்று அவாவே கேட்டாவாம். கலியாணம் முடித்த நாளிலிருந்து அன்றுதான் கேட்டிருக்கிறா. தூரதரிசனியைக் கட்டிலுக்குக் கொண்டுபோக முடியாது. கட்டிலை அதனடிக்குக் கொண்டுவந்தாலும் அவாவை நிமிர்த்த முடியாது. மாஸ்ரர் என் கடைக்கு நடந்து வந்தார்.

திருவாதிரைக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரம், நாங்கள் வெள்ளி என்போம், வரிசையாய் நிற்குமே, அதற்குக் கீழே மங்கலாய் ஒரு பொட்டு. அது வெள்ளியே இல்லையாம். வானத்தில் தானாக ஒளிவிடுகிற புகையாம். இங்கிலீசில் நெபுலா. கண்ணுக்குப் பஞ்சு மாதிரித்தான் தெரியும். படம் பிடிக்கிற கண்ணாடிப் பிளேற்றில் நெடுநேரம் ஒளி விழ விட்டால் செட்டை விரித்த பறவை மாதிரி வருமாம்.

“ஏலுமோ தம்பி?” என்றார்.

அந்தப் பெயரையே நான் அன்றுதான் கேள்விப்பட்டேன். “மாஸ்ரர், ஆடுற பிள்ளையளையே எடுக்கிறன். ஆடாமல் நிக்கிற புகையோ எனக்குப் பெரிசு?” என்றேன். (அதுவும் ஆடும் என்று அவர்தான் சொல்லித் தந்தார். வானம் மேற்கே போய்க்கொண்டேயிருக்கும். கமறாவும் கூடப் போகவேணும்.)

மாசி மாதம், முகில் விட்ட ஒரு பொழுதில் என் ஸ்டூடியோக் கமறாவைத் தூரதரிசனியின் முதுகில் கயிற்றால் கட்டினோம். மாஸ்ரர் உள்ளே கண்ணை வைத்து, ஒரு வெள்ளி நடுவிலிருந்து விலகாதபடி ஒரு திருகாணியைச் சொட்டுச் சொட்டாகத் திருப்ப வேண்டும். என் வேலை லென்ஸ் மூடியைத் திறந்துவிட்டுச் சும்மா நிற்பது. நான் சும்மா நின்று பழகாதவன்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வளவுக் கலியாண வீட்டில் காஸ்லைற் கொளுத்தினார்கள். வேலியெல்லாம் வெள்ளை வெளேரென்று ஆனது. நாளைக்கு எடுப்போம் என்றார் மாஸ்ரர். எனக்கோ ஒரு யோசனை வந்துவிட்டது. (எனக்கு யோசனை வந்தால் என் மனைவி இப்பவும் சாமியறைக்குள் போய்விடுவா.)

இருட்டறையில் நாங்கள் சிவப்புக் கண்ணாடி விளக்கு வைத்துத்தான் பிளேற் கழுவுவோம். வெள்ளை வெளிச்சம் பட்டால் பிளேற் கெட்டுவிடும். சிவப்பு பட்டால் கெடாது. அப்படியென்றால் லென்சுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடியைக் கட்டிவிட்டால் காஸ்லைற் என்ன செய்யும்? சைக்கிளில் பறந்து போய் அந்த விளக்குக் கண்ணாடியையே கழற்றி வந்தேன். மாஸ்ரரிடமும் சந்திரனைப் பார்க்கிற மஞ்சள், பச்சைக் கண்ணாடிகள் சில இருந்தன. அவர் என்னுடையதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தம்பி, உது எங்கடை கண்ணுக்குச் சரி. பிளேற்றின்ரை கண் வேறை எல்லோ?”

“மாஸ்ரர், நீங்கள் றெயிலுக்குக் கொடி காட்டினனீங்கள். பிளேற் கழுவினது நான்.”

மனிதர் குனிந்து திருகாணியைப் பிடித்தார்.

கலியாண வீட்டு மேளச்சமா தொடங்கி ஓயும்மட்டும் அவர் நிமிரவில்லை. அறுபது தாண்டியவர். நுளம்பு கழுத்தில் இருந்து இரத்தம் குடித்தது. அடிக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. நான் கதிரையில் இருந்து பக்கத்து வீட்டிலிருந்து வந்த பலகாரத்தைத் தின்றேன். பிறகு உள்ளே போய், விடியக் கையிலே படம் தருவேன், பார்த்துவிட்டு இவரிடம் மன்னிப்புக் கேட்கவேணும் என்று அந்த அம்மாவுக்கும் சொல்லி வைத்தேன். இன்னொரு பிளேற்றும் எடுத்து வைப்போமோ என்றார் மாஸ்ரர். எனக்கு ஒன்று காணும், இரண்டாவது தேவையில்லை என்றேன்.

கடைக்கு வந்து, அதே கண்ணாடியைத் திரும்ப விளக்கில் மாட்டி, பிளேற்றை மருந்தில் போட்டேன். ஒன்றும் வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஆட்டினேன். வெறும் கண்ணாடி. நிமிர்ந்து விளக்கைப் பார்த்தேன். அது பாட்டுக்குச் சிவப்பாய் எரிந்துகொண்டிருந்தது. சிவப்பு வெளிச்சத்தில் பிளேற் ஏன் கெடுவதில்லை? பிளேற்றுக்குச் சிவப்புத் தெரியாது. அந்த நிறத்துக்கு அது குருடு. அதற்காகத்தானே அந்த விளக்கை வைத்திருக்கிறோம்! காஸ்லைற்றிடமிருந்து பிளேற்றைக் காப்பாற்றிய நான், வானம் முழுவதிடமிருந்தும் அதைக் காப்பாற்றிவிட்டேன்.

வெறும் பிளேற்றைக் கடதாசியில் அடித்தால் முழுக் கறுப்புத்தான் வரும். நடந்ததை மாஸ்ரருக்குக் காட்டி விளங்கப்படுத்த அந்தக் கறுப்பைத்தான் விடியக் கொண்டுபோனேன். நான் வாய் திறக்க முந்தி உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டா. தலை இழுத்து, பொட்டு வைத்து, ஆரோ வருகிற மாதிரி ஆயத்தமாய்க் கிடந்தா. கடதாசியை வாங்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தா. எந்தப் பக்கம் மேல் என்று என்னைக் கேட்டா. நான் மாஸ்ரரைப் பார்த்தேன். (பதிலுக்கு நான் இன்னொருவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.)

“இஞ்சாருங்கோ, இதைப் பாக்கவோ இவ்வளவு காலமும் வளவுக்குள்ளை நிண்டனியள்?”

சொல்லிவிட்டுச் சிரித்தா. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வரச் சிரித்தா. மாஸ்ரரும் கூடச் சிரித்தார், ஆனால் அவருடைய கை கட்டில் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. பிழை என்னுடையது, மாஸ்ரர் அப்போதே சொன்னவர், நான்தான் கேட்கவில்லை என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா என்னைப் பரிவாய்ப் பார்த்தா.

“தம்பி, அவருக்காக நீர் பொய் கதையாதையும்.”

நான் வாழ்நாளில் பெருமை இல்லாமல் சொன்ன ஒரே உண்மை அது. அதைத்தான் அவா நம்பவில்லை.

பிறகு முகில் மூடியது. முகில் விட நிலவு வந்தது. வெள்ளிகள் மேற்கே சரிந்துவிட்டன. அவை திரும்பக் கிழக்கே ஏற முந்தி அம்மா போய்விட்டா. மார்கழியில், ஆரும் கேளாமலே, ஒரு கண்ணாடியும் கட்டாமல் எடுத்தேன். வந்தது. செட்டை விரித்த பறவையேதான். மாஸ்ரர் அதை நெடுநேரம் பார்த்தார். வடிவாய் வந்திருக்கு தம்பி என்று சொல்லி, திரும்ப என் கையிலேயே தந்துவிட்டார்.

நான் மானத்துக்குப் பயந்து மறைத்து வைத்த கதையை, மனைவி எப்படியோ அறிந்து பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டா. இப்போது வீட்டில் கரண்ட் நின்று எல்லாம் இருண்டுவிட்டால், “ஐயா படம் எடுத்திட்டார்” என்று ஆராவது ஒரு பிள்ளை சொல்லும். பேரப்பிள்ளைகள் வரை அதைப் பழகிவிட்டுதுகள். வீடே சிரிக்கும். எல்லாரையும் விட என் சிரிப்புத்தான் சத்தமாய்க் கேட்கும். எதிலும் பின்னுக்கு நின்று எனக்குப் பழக்கமில்லை. இருட்டில் முகம் தெரியாதது ஒரு வசதி.