முப்பது நாள் வாயை மூடி

மத்தியானம் மூன்றரை மணிக்குக் கண் விழித்த கிரேன்காரர், முகத்தில் மாட்டியிருந்த மாஸ்க்கைக்கூடக் கழற்றாமல் தலைமாட்டில் கிடந்த போனைத் தடவி எடுத்தார். திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி யோசித்தது. பிறகு சிவப்பாக நின்றது.

"மறுபடியும் சிவப்பா?" பள்ளிக்கூட ஆபீஸ் வேலை முடிந்து அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்த மனைவி, செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"வாசல் வரைக்கும் பெருமூச்சு கேட்டுச்சே. மெஷின் குடுத்த காத்தெல்லாம் ஒரே மூச்சா வெளிய வந்த மாதிரி."

அவர் போனைக் கவிழ்த்து வைத்தார். பதில் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும்.

துறைமுகத்தில் பதினெட்டு வருஷமாக நைட் ஷிப்டில் கிரேன் ஓட்டியவர் அவர். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ராத்திரி, கப்பலிலிருந்து எடுத்த கன்டெய்னர் ஒன்று நடுவானத்தில் நாலு நிமிஷம் அப்படியே தொங்கியது. கீழே பதினோரு லாரிகள் ஹாரன் அடித்தன. மேலே இவர் நல்ல தூக்கம். கம்பெனி டாக்டர் பரிசோதனைக்கு அனுப்பினார். தூங்கும்போது இவருக்கு மணிக்கு முப்பது தடவை மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் எத்தனை மணி நேரம் படுத்தாலும் அசதி தீருவதில்லை என்று தெரிந்தது. மூக்கில் மாஸ்க் மாட்டி, குழாய் வழியே காற்றைத் தள்ளும் மெஷின் ஒன்று வீட்டுக்கு வந்தது.

கூடவே ஒரு கடிதமும் வந்தது. முப்பது நாள் மெஷின் போட்டுத் தூங்க வேண்டும். காற்று கசியாத நாளுக்குப் பச்சை, கசிந்தால் சிவப்பு. முடிவில் பச்சை அதிகமிருந்தால் கிரேன் திரும்பக் கிடைக்கும். சிவப்பு அதிகமானால், இப்போது தற்காலிகமாக உட்கார வைத்திருக்கிற எடைமேடையே நிரந்தரம். நாற்பது மீட்டர் உயரத்திலிருந்து கப்பலையே குனிந்து பார்த்த மனுஷன், இப்போது ராத்திரி முழுக்க லாரி டயரை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதைவிடப் பெரிய வயிற்றெரிச்சல், அவருடைய கிரேனில் இப்போது ஏறி உட்கார்ந்திருப்பது அவருடைய சகலை.

முதல் இரண்டு நாள் பச்சை. மூன்றாம் நாளிலிருந்து, எப்போதாவது ஒரு லீவு நாள் பச்சையைத் தவிர, சிவப்போ சிவப்பு.

மெஷின்காரருக்குப் போன் போட்டார்.

"வாய் தொறந்துக்குதுங்க. மூக்கு வழியா போற காத்து வாய் வழியா வெளிய வந்துடுது. வாயை மூடிட்டுத் தூங்குங்க."

"தூங்கறவனுக்கு வாய் எங்க இருக்குன்னு எப்படிங்க தெரியும்?"

"வீட்ல யாரையாவது பாத்துக்கச் சொல்லுங்க."

அதுதான் சிக்கல். மகள் வெளியூரில் கல்லூரி விடுதியில் இருந்தாள். வீட்டில் மிச்சம் இவர்கள் இரண்டு பேர். அவர் காலையில் உள்ளே நுழையும்போது அவள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருப்பாள். அவர் எட்டரைக்குப் படுத்தால் அவள் எட்டரைக்குக் கிளம்புவாள். பதினெட்டு வருஷமாக அந்த வீட்டில் ஒரே கட்டில்தான் இரண்டு ஷிப்ட் வேலை பார்த்தது. லீவு நாளில்கூட ராத்திரி அவருக்குத் தூக்கம் பிடிக்காது. கூடத்தில் சத்தமில்லாமல் டிவி பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்ன ஆச்சு?" என்றார் விழித்ததும்.

"மூணு மணி நேரம் பார்த்தேன். கப்புனு மூடித்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் சிவப்பு?"

"நான் பாக்கறேன்னு நடிச்சிருப்பீங்க."

"தூக்கத்துல எப்படிம்மா நடிக்க முடியும்?"

"உங்களுக்கா முடியாது? மக கைக்குழந்தையா இருந்தப்ப அழுத அழுகைக்கெல்லாம் நீங்க நடிக்காத நடிப்பா?"

மறுநாள் காலையில், வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் அவள் ஒரு வெள்ளைத் துண்டை நாலாக மடித்து அவருடைய தாடையைத் தூக்கி, உச்சந்தலையில் இறுக்கி ஒரு முடிச்சுப் போட்டாள். மேலே மாஸ்க். காலை நீட்டி, கையை நெஞ்சில் வைத்து அவர் படுத்தார். காற்றுக்காக ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு அவள் போனாள்.

பத்து மணிக்கு மாடி வீட்டு டெய்லர் தண்ணீர் மோட்டார் போட இறங்கி வந்தார். ஜன்னல் வழியாகத் தற்செயலாகப் பார்த்தார். தாடைக் கட்டோடு நீட்டிப் படுத்திருந்த உருவம்தான் தெரிந்தது. மாஸ்க் துண்டின் மடிப்பில் மறைந்திருந்தது.

கிரேன்காரர் கண் விழித்தபோது ஜன்னலுக்கு வெளியே முணுமுணுப்பு கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அசதி.

"நேத்துகூட என்கிட்ட சட்டை தைக்கக் குடுத்தாரே." டெய்லரின் குரல்.

"கூலி குடுத்துட்டாரா?" யாரோ கேட்டார்கள்.

"அதை இப்ப கேக்கலாமா?"

"நல்ல மனுஷன்யா." இது சகலையின் குரல். "கிரேன்ல உக்காந்தா ஒரு கன்டெய்னர் உரசாது. என்ன, சொல்பேச்சு கேக்க மாட்டான். போகட்டும், அந்த கிரேனை நான் நல்லா பாத்துக்குவேன்."

கிரேன்காரர் எழுந்து உட்கார்ந்தார்.

வெளியே நின்ற ஏழு பேரில் ஐந்து பேர் ஓடினார்கள். டெய்லர் ஓட முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டார். சகலை மட்டும் நின்ற இடத்திலேயே நின்று, "அப்ப பரவாயில்லையா?" என்றார். அந்தக் குரலில் இருந்தது சந்தோஷமா ஏமாற்றமா என்று கிரேன்காரர் வெகுநாள் யோசித்தார்.

அன்றைக்கும் சிவப்பு.

"துண்டு வழுக்கியிருக்கும்," என்றாள் மனைவி. மாஸ்க்கைக் கழுவித் துடைத்து, குழாயைச் சுருட்டி வைத்துக்கொண்டே சொன்னாள். அந்த வேலையை மட்டும் அவள் யாரையும் செய்யவிடுவதில்லை. கொஞ்ச நாளாக அவளுக்கு என்னவோ சுறுசுறுப்பு கூடியிருந்தது; வாய்க்குள் ஏதோ பாட்டு வேறு. அசந்து போய் உட்கார்ந்திருக்கிறவன் எதிரில் ஒருத்தி பாடிக்கொண்டே பாத்திரம் துலக்கினால் எப்படி இருக்கும்!

அடுத்து பிளாஸ்திரி. மருந்துக் கடையில் வாங்கி, உதட்டின் குறுக்கே பட்டையாக அவரே ஒட்டிக்கொண்டார். பதினோரு மணிக்குப் போன் அடித்தது. அரைத் தூக்கத்தில் மாஸ்க்கை இழுத்துவிட்டு எடுத்தார். கம்பெனி டாக்டர்.

"எப்படி இருக்கீங்க? மெஷின் பழகிடுச்சா?"

"ம்ம்."

"ஏன் ஒரு மாதிரி பேசறீங்க?"

"ம்ம்ம். ம்ம்."

"குடிச்சிருக்கீங்களா?"

"ம்ம்ம்ம்!"

"காலைல பதினோரு மணிக்கேவா?"

கிரேன்காரர் பிளாஸ்திரியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். பிளாஸ்திரி வந்தது. இருபது வருஷம் வளர்த்த மீசையில் இடது பாதியும் கூடவே வந்தது. அவர் போட்ட அலறலைக் கேட்டபிறகுதான் டாக்டர் போனை வைத்தார்.

மறுநாள் கடிதம் வந்தது. முப்பதாம் நாள் பரிசோதனைக்கு வரும்போது, வீட்டு நிலவரம் சொல்ல மனைவியையும் அழைத்து வரவும்.

"உங்களால என் மானமும் போகுது," என்றாள் மனைவி. "மெஷின்காரர் என்ன சொன்னார்?"

"பிளாஸ்திரி எல்லாம் ஒட்டக்கூடாதுன்னு திட்டினார். முப்பதாம் நாள் மெஷினோட வாங்க, உள்ள ஒரு அட்டை இருக்கு, அதை எடுத்துப் பாத்தா முழு விவரம் தெரியும்னார். போன்ல நிறம் மட்டும்தான் வருமாம்."

"பாக்கட்டும், பாக்கட்டும். உங்க லட்சணம் எழுத்துல வரட்டும்."

மீதி மீசையையும் எடுத்துவிட்டு எடைமேடைக்குப் போனவரை, மேலே ஏறுவதற்கு முன் சகலை வந்து பார்த்தார்.

"விழிச்சிருக்கும்போது வாய் மூடிப் பழகினாத்தான் தூக்கத்துல மூடும். ஒரு வாரம் பேச்சை நிறுத்திப் பாரேன்."

"உன் யோசனையை நான் கேக்கணுமா?"

"லீவு நாள்ல மட்டும் பச்சை வருதுன்னு நீதானே சொன்னே? லீவுல யாரோட பேசறே? டிவியோட. யோசிச்சுப் பாரு."

சகலை சொன்னதில் நியாயம் இருப்பதுபோல் தெரிந்ததுதான் கொடுமை. அன்று ராத்திரி கிரேன்காரர் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் லாரி மேடையில் ஏறியது. முள் அளவைத் தாண்டியது. டிரைவர் தலையை நீட்டினார்.

"அண்ணே, ரெண்டு டன் கூட இருக்கு. போகலாமாண்ணே?"

கிரேன்காரர் முறைத்தார்.

"ரொம்ப தேங்க்ஸ்ணே!"

மௌனம் சம்மதம் என்று எந்த மகராசன் சொன்னானோ, அந்தச் செய்தி லாரிக்காரர்களிடையே காட்டுத்தீயாகப் பரவியது. அடுத்த லாரியில் மூன்று டன் கூட. அதற்கடுத்ததில் நாலு. இவர் கையை ஆட்டினார். போகச் சொல்கிறார் என்று போனார்கள். விடிவதற்குள் பத்தொன்பது லாரி. காலையில் சூப்பர்வைசர் சீட்டுகளைப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"பத்தொன்பது பேர்ல ஒருத்தனையாவது நிறுத்துன்னு சொல்ல உங்களுக்கு வாய் இல்லையா?"

கிரேன்காரருக்கு அழுகை வந்தது. இருக்கிறதுதான் பிரச்சினை என்று எப்படிச் சொல்வது? சூப்பர்வைசர் மெமோ எழுதிக் கையில் கொடுத்தார். கிரேன் போனது போக, இப்போது எடைமேடையும் ஆடியது.

வீட்டுக்கு வந்து படுத்தார். சிவப்பு.

அதற்குப் பிறகு அவர் எதுவும் செய்யவில்லை. மெஷினை மாட்டுவார், தூங்குவார், எழுவார். வேடிக்கை என்னவென்றால், உடம்பு மட்டும் லேசாகிக்கொண்டே வந்தது. விடியற்காலை நாலு மணிக்கும் கொட்டாவி இல்லை. கண்ணாடி மாதிரி விழித்துக்கொண்டு, மேலே சகலை ஆட்டுகிற கிரேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கி வழிந்தபோது கையில் கிரேன் இருந்தது. தூக்கம் தெளிந்தபோது அது கைவிட்டுப் போகிறது.

முப்பதாம் நாள். கம்பெனி டாக்டர் அறை. மேஜைமேல் மெஷின். ஒரு பக்கம் டாக்டர். ஒரு பக்கம் லேப்டாப்போடு மெஷின்காரர். எதிரே கிரேன்காரர், வேட்டைக்குப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்த மனைவி.

"முப்பது நாள்ல ஆறு பச்சை. இருபத்திநாலு சிவப்பு," என்றார் டாக்டர். "நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

"உடம்பு நல்லா இருக்குங்க டாக்டர். அசதியே இல்லை," என்றார் கிரேன்காரர் மெதுவாக.

"உடம்பு சொல்றதை வெச்சு நான் கையெழுத்துப் போட முடியாது. ரிப்போர்ட் சொல்லணும்." டாக்டர் பேனாவைத் திறந்தார். எடைமேடைக்கான தாள் தயாராக இருந்தது. மேலிருந்து இரண்டாவது வரியில் சகலையின் பெயருக்குப் பக்கத்தில் 'நிரந்தரம்' என்று டைப் அடித்திருந்தது கிரேன்காரருக்குத் தலைகீழாகவே தெரிந்தது.

"நான் சொல்றேன் டாக்டர்," என்றாள் மனைவி. "துண்டால கட்டினேன். லீவு போட்டுக் காவல் இருந்தேன். எத்தனை சொன்னாலும் இவருக்கு அந்த வாயை மட்டும் மூடத் தெரியலை. தூங்கும்போது கொஞ்சம் உதட்டைச் சேர்த்து வெச்சுக்கறது அவ்வளவு கஷ்டமா? மனசு வெச்சா முடியாதா?"

மெஷின்காரர் அட்டையைச் செருகி, திரையில் எதையோ தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவம் சுருங்கியது.

"சார் தினமும் எத்தனை மணிக்குத் தூங்குவார்?"

கிரேன்காரர் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"காலைல எட்டரைலேருந்து மூணரை வரைக்கும். ராத்திரி பூரா டூட்டி. பதினெட்டு வருஷமா ராத்திரியில அந்த வீட்ல நான் ஒருத்திதான் தனியாப் படுத்திருக்கேன், கேட்டுக்குங்க."

மெஷின்காரர் திரையை அவள் பக்கமாகத் திருப்பினார்.

"அம்மா, காலைல எட்டரைலேருந்து மூணரை வரைக்கும் சாரோட வாய் முப்பது நாளும் இம்மிகூடத் திறக்கலை, ராத்திரி பத்தரைலேருந்து அஞ்சரை வரைக்கும் இந்த மாஸ்க்குக்குக் கீழ திறந்து கிடக்கிற வாயைத்தான் கட்டணும்."