எவரெஸ்டா அன்னபூர்ணாவா, அக்காவே சொல்லட்டும்

மரியாதைக்குரிய ஜெசிந்தா அக்கா அவர்களுக்கு,

மைசூரிலிருந்து தம்பி டேவிஸ் வணங்கி எழுதுவது. மாதாவின் தயவில் ரெபேக்காவும் நானும் சுகம். அங்கே உங்கள் சர்க்கரையும் அத்தானின் கோபமும் கட்டுக்குள் இருக்க ஜெபிக்கிறோம்.

முப்பத்துமூன்று வருடம் பூகோள வாத்தியாராக இமயமலையைக் குச்சியால் தட்டித் தட்டிக் காட்டிய நான், பனியை ஃபிரிட்ஜில் தவிர வேறெங்கும் பார்த்ததில்லை. கண்ணை மூடுவதற்குள் ஒரு தரமாவது அதில் கால் வைக்க வேண்டும் அக்கா, ஏங்கி ஏங்கியே தலை நரைத்துவிட்டது. நேபாளத்தில் இரண்டு நடைப்பயணம் இருக்கிறது. எவரெஸ்ட் அடிவார முகாம் ஐயாயிரம் மீட்டருக்கு மேல். அன்னபூர்ணா முகாம் நாலாயிரத்துச் சொச்சம். எனக்கு எவரெஸ்ட்தான் ஆசை. ரெபேக்காவோ எதுவானாலும் கூட வருவேன் என்கிறாள். அவள் முழங்காலுக்கு அன்னபூர்ணாவே ஜாஸ்தி. நீங்கள் போன் செய்து, "நீ வீட்டிலே இரு, அவன் எவரெஸ்ட் போகட்டும்" என்று சொன்னால் கேட்பாள்.

பயிற்சிக்காகப் போன சனிக்கிழமை எட்டுக் கிலோ ராகியைப் பையில் கட்டிக்கொண்டு சாமுண்டி மலைப் படி ஏறினேன். ஐந்து படிக்கு ஒரு தரம் குனிந்து மூச்சு வாங்கினேனா, பக்கத்தில் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு வந்த தேவம்மா என்கிற அம்மாள், நானும் வேண்டுதல்காரன் என்று நினைத்து, "ஹரகேனா சார்?" என்று கேட்டாள். வேண்டுதலெல்லாம் இல்லை என்று சொல்ல மூச்சு வந்தால்தானே! தலையை ஆட்டித் தொலைத்தேன். உடனே குங்குமக் கிண்ணத்தைக் கையில கொடுத்து, இடது பக்கம் நீங்க, வலது பக்கம் நான்னு பங்கு பிரிச்சுட்டாங்க. வழியில இருக்கிற நந்தி சிலை வரைக்கும் பொட்டு வச்சேன் அக்கா, இடுப்பு கழண்டுபோச்சு. தண்ணி பாட்டிலோட துணைக்கு வந்த ரெபேக்கா எப்பவோ உச்சிக்குப் போய், சுருமுரிப் பொரி தின்னுட்டு, என்னைத் தேடி இறங்கி வந்து, "மலை ஏறச் சொன்னா கோலம் போட்டுட்டு நிக்கிறீங்களே!"ங்கறா. அன்னிக்கு என்னவோ அவ முழங்கால் நல்லா இருந்திருக்கு. மறுநாள் பூசையில பங்குச் சாமியார் என் சிவப்பு விரலையே பார்த்தார். "எவரெஸ்டுக்காக, ஃபாதர்"ன்னேன். "அங்கேயும் வேண்டுதலா?"ன்னுட்டார். மானம் கப்பலேறிடுச்சு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளை மாதா காக்கட்டும். போன் செய்ய மறந்துவிடாதீர்கள்.

அன்புத் தம்பி,
டேவிஸ்

பி.கு: கவரை ஒட்டறதுக்குள்ள பயணத்துக்காக ரெண்டு பேருக்கும் எடுத்த இருதய ரிப்போர்ட் வந்துடுச்சு. அவ எவரெஸ்டே போகலாமாம். எனக்கு அன்னபூர்ணாவும் கூடாதாம், ஊட்டிக்கே யோசிச்சுப் போகணுமாம். ரெபேக்கா அடுப்படியில நின்னு அழறா. "நீங்க இல்லாம எனக்கெதுக்குங்க மலை?"ங்கறா. ஆனா அவ போன்ல எவரெஸ்ட் படமா சேர்த்து வச்சிருக்கா, இப்பத்தான் பார்த்தேன். அவளுக்கும் ஆசை இருந்திருக்கு அக்கா, நான் ஒரு நாளும் கேட்டதில்லை. எவரெஸ்ட் பயண ஃபாரத்துல அவ பேரை எழுதிட்டேன். மேலே எழுதினதை விட்டுடுங்க. போன் பண்ணி, "நீ போயிட்டு வா, அவனை நான் பார்த்துக்கறேன்"னு சொல்லுங்க. அங்கேயிருந்து அவ போன் பண்ணா, பனியில கால் வைக்கிற சத்தம் இங்கே கேக்குமா அக்கா?