மூன்றாவது பிண்டம்

தாராவி, மும்பை
திங்கட்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க அத்தான் பேச்சிராஜா அவர்களுக்கு, வானமாமலை வணங்கி எழுதுவது.

இங்கே நான், பேராச்சி, மகள் முத்துமாரி மூவரும் சுகம். தாங்கள் சுகமா? எல்லாக் கடிதத்திலும் கேட்கிற கேள்விதானே என்று தள்ளிவிடாதீர்கள். இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன். நெஞ்சில் வலி ஏதும் உண்டா? படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? போனில் கேட்டிருப்பேன். நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், அக்கா காதில் விழுந்தால் என்னைத் தொலைத்துவிடுவாள்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மகாளய பட்சமாயிற்றே, அப்பா, தாத்தா, பூட்டன் மூவருக்கும் நாசிக்கில் பிண்டம் வைத்து வரலாம் என்று சனி, ஞாயிறு லீவில் நானும் முத்துமாரியும் கிளம்பினோம். கசாரா தாண்டி ரயில் மலையேறும்போதே ஜன்னலைச் சாத்திவிட்டேன். கோதாவரியைப் பார்த்ததும் முத்துமாரியின் கையைப் பிடித்துக்கொண்டேன். மழைத் தண்ணீர் டீ கலரில் அப்படி ஓடுகிறது. கண்ணாடி ஆற்றில் விழுந்துவிடும் என்று பயந்து அதை லாட்ஜிலேயே வைத்தேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது. இறந்தவர்கள் பெயர் எழுதிய சீட்டும் கண்ணாடிக் கூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது. சட்டைப் பையில் இருந்ததோ, யார் யாருக்குக் குங்குமப் பொட்டலம் வாங்க வேண்டும் என்று பேராச்சி எழுதிக் கொடுத்த சீட்டு. அது தெரியாமல் சட்டையைக் கழற்றி முத்துமாரியிடம் கொடுத்து, "குருஜி பேரு கேட்டா பையில இருக்க சீட்ட வாசிம்மா" என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். அவள் தமிழ் வாசிப்பது உங்களுக்குத் தெரியும், எழுத்துக் கூட்டித்தான். நான் கண்ணை இறுக மூடி, ஒரு கையால் படியைப் பிடித்துக்கொண்டு, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்ததில் முதல் இரண்டு பெயர் காதில் விழவில்லை. மூன்றாவது தெளிவாக விழுந்தது. பேச்சிராஜா. கண்ணைத் திறந்தால் உங்கள் உருண்டை இலையில் இருக்கிறது!

"ஏட்டி, அது நம்ம மாமால்லா! உயிரோட இருக்காவ!" என்று கத்தினேன்.

"கோயில்ல அர்ச்சனைக்கு உயிரோட இருக்கவங்க பேருதானப்பா சொல்லுவோம்? நான் வைஸாஹீ, அதே மாதிரின்னு நெனச்சேன்" என்றாள்.

குருஜி, "ஹோ கயா தோ ஹோ கயா", ஆனது ஆயிற்று என்று சொல்லிக் கையைக் கழுவிவிட்டார். அப்புறம் காக்கா வந்தது. அங்கே காக்கா தொட்டால் போனவருக்குத் திருப்தி, தொடாவிட்டால் அவருக்கு ஏதோ ஆசை பாக்கி என்று அர்த்தமாம். முதல் உருண்டையை ஒரே வாயில் முழுங்கிவிட்டது. அப்பாவே வந்துவிட்டார் என்று அழுதுவிட்டேன். இரண்டாவதைக் கொத்திப் பார்த்தது. உங்களுடையதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குப் போன உயிர் அப்போதுதான் திரும்பி வந்தது.

ஆகையால் அத்தான், உங்கள் ஆசை எதுவானாலும் தயவுசெய்து பாக்கியாகவே இருக்கட்டும். பைக் வாங்கப் போவதாகச் சொன்னீர்களே, வாங்காதீர்கள். தென்னை ஏறாதீர்கள், கிணற்றுப் பக்கமே போகாதீர்கள். பதினெட்டு வயதில் ஒன்றும் தெரியாமல் மும்பையில் வந்து இறங்கிய என்னை ஆண்டாப் ஹில்லில் உங்கள் பாயில் பாதியில் படுக்கவைத்து, வேலையும் வாங்கிக் கொடுத்தவர் நீங்கள். உங்களுக்கு என் கையாலேயே இப்படிச் செய்துவிட்டேனே என்று நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

உங்கள் குங்குமப் பொட்டலத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நூறு வயது வரை நெற்றியில் வைத்துக்கொள்ளுங்கள். அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், கடிதத்தைக் காட்டாதீர்கள்.

தங்கள் மைத்துனன்,
வானமாமலை

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் கண்ணாடி போட்டுக் குங்குமச் சீட்டைப் பார்த்தேன். நீங்கள் மூன்றாவதுதான். இரண்டாவது பேராச்சியின் தம்பி நம்பிராஜன், அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. முதல் வரியில் "அவுகளுக்கு" என்று இருக்கிறது. பேராச்சி என் பெயரை வாயாலும் சொல்லமாட்டாள், எழுதவும் மாட்டாள். முத்துமாரியைக் கேட்டேன். "அவுகன்னா நீங்கதானப்பா? குருஜிகிட்ட உங்க பேரத்தான் சொன்னேன்" என்கிறாள். காக்கா ஒரே வாயில் முழுங்கியது என்னை. மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடுங்கள். நீங்கள் பைக் வாங்கலாம், தென்னை ஏறலாம். ஆனால் எனக்கு ஆசையே பாக்கி இல்லை என்று அந்தக் காக்காவுக்கு யார் சொன்னது? உங்களைப் பார்த்து ஆறு வருஷமாகிறது அத்தான். உடனே கிளம்பி வாருங்கள் என்றுதான் எழுத வந்தேன். வந்துவிட்டால் அந்த ஆசையும் தீர்ந்துவிடுமே என்று பயமாக இருக்கிறது. வருவதாக மட்டும் சொல்லிக்கொண்டே இருங்கள்.