லஸ்ரக்கின் ஏழு தகப்பன்கள்

"இதோட அப்பன் யாரு?"

கேப்டன் விதால் பிரெஞ்சில் கேட்டார். அவர் குதிரை டாக்டர். பக்கத்தில் பேரேட்டை விரித்து உட்கார்ந்திருந்த குமாஸ்தா ஸ்லிமான் முலாம்பழ விதையைத் துப்பிவிட்டு அதையே அரபியில் கேட்டான்.

மிலூத் தன் பொலிகுதிரையைப் பார்த்தான். லஸ்ரக் சாம்பல் நிறம். நெஞ்சு கதவு மாதிரி. தியாரெத் மேட்டுநிலத்தில் ஆறு கூட்டத்தார் தங்கள் பெட்டைக் குதிரைகளை இதனிடம்தான் ஓட்டி வருவார்கள். பெட்டைக்கு ஒரு மூட்டை பார்லி. நல்ல நிலத்தையெல்லாம் வெள்ளைக்காரக் குடியேறிகள் எடுத்துக்கொண்ட பிறகு மிலூத்திடம் மிஞ்சியது கல்லும் இந்தக் குதிரையும்தான். கல்லைத் தின்ன முடியாது.

"அப்பன் பேரா? இத்தனை வருஷத்துல எந்தப் பெட்டையும் அதைக் கேட்டதில்லையே."

ஸ்லிமான் இதை மொழிபெயர்க்கவில்லை. "வம்சப் பத்திரம் இருக்கான்னு கேக்கறாரு அண்ணே. புதுச் சட்டம். பத்திரம் இல்லாத குதிரை பெட்டையோட சேரக் கூடாது. அடுத்த சந்தைக்குள்ள காட்டலேன்னா காயடிச்சிருவாங்க."

"யாருக்கு?"

"இப்போதைக்குக் குதிரைக்கு."

மிலூத்துக்குக் காகிதம் என்றாலே ஆகாது. அவன் அப்பன் ஒரு காகிதத்தில் கட்டைவிரலை வைத்தான். மறுவருஷமே அவர்கள் நிலத்தில் வேறொருவன் திராட்சை நட்டான். எழுதினால்தானே எடுத்துக்கொண்டு போவார்கள்? அதனால் மிலூத் எதையுமே எழுதிக் கொடுப்பதில்லை. சில வருஷம் முன்னால் குடும்பக் கணக்கெடுக்க இதே ஸ்லிமான் வந்தபோது, "மூணும் பொண்ணு" என்று சொல்லிவிட்டான். மகன் பூஸியானைத் தானியக் குழிக்குள் இறக்கி, மேலே தட்டியைப் போட்டு, அதன் மேல் மனைவி யமீனாவைக் கம்பளி நூற்க உட்காரவைத்திருந்தான். குழிக்குள் தூசி. பையன் தும்மும்போதெல்லாம் யமீனா பலமாக இருமினாள். "தேன் குடிங்க அண்ணி" என்று ஸ்லிமான் அக்கறையாகச் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த மிலூத் இப்போது தானே காகிதம் தேடிச் சந்தைக்குப் போனான்.

சந்தையில் தாயத்தும் மனுவும் எழுதுகிற ஸீ தாஹார், மைக்கூட்டைத் திறந்தார். "எத்தனை தலைமுறை வேணும்?"

"எத்தனை போடலாம்?"

"ஏழு போடறேன். ஏழுன்னா எவனும் எண்ணிப் பார்க்க மாட்டான். ஏழாவது தகப்பன் நேரா மக்காவுலேர்ந்து நடந்தே வந்தவன். சரி, வயசு?"

"பத்தொம்பது."

தாஹார் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "யப்பா, கிழவனுக்கு எவன் முத்திரை குத்துவான்? ஒன்பதுன்னு வெக்கறேன்."

"பல்லைப் பார்த்தா தெரிஞ்சிடாதா?"

"முதல்ல காகிதத்தைப் படிப்பாங்க. அப்புறம் பல்லுல அதேதான் தெரியும்."

அவர் சொன்ன மாதிரியே நடந்தது. கேப்டன் பத்திரத்தைப் படித்தார், லஸ்ரக்கின் வாயைத் திறந்து பார்த்தார், "ஒன்பது வயசுக்கு அருமையான பல்" என்றார். கழுத்தில் ஓர் எண்ணைச் சுட்டார்கள். ஸ்லிமான் பேரேட்டில் ஏற்றினான். அந்த வசந்தத்தில் ஏழு தகப்பன் உள்ள குதிரையைத் தேடிப் பெட்டைகள் வரிசையில் நின்றன. மிலூத் முதல்முறையாக, காகிதம் அவ்வளவு கெட்டதில்லையோ என்று நினைத்தான்.

ஆகஸ்டில் கடலுக்கு அப்பால் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சண்டை வந்துவிட்டது.

சந்தையில் ஸ்லிமான் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று வாசித்தான். ஐந்து வயதுக்கு மேல், பதினைந்துக்குள், பத்திரம் உள்ள குதிரைகளெல்லாம் ராணுவத்துக்கு. பத்திரமில்லாதது வேண்டாம். காதறுந்த கலப்புக் குதிரை வைத்திருந்தவனெல்லாம் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

மிலூத் தாஹாரின் முன்னால் போய் நின்றான். "ஒரான் துறைமுகத்துல கப்பல் ஏத்தறாங்களாமே. திரும்பி வருமா?"

"என் மச்சினன் போனான், மடகாஸ்கர் சண்டைக்கு. கப்பல் ஏறினதுல குதிரையும் வரல, குதிரைக்காரனும் வரல" என்றார் தாஹார். கைமட்டும் மைக்கூட்டை மூடிக்கொண்டிருந்தது. "நான் எழுதினதுன்னு மட்டும் சொல்லிராதே."

வீட்டில் பூஸியான் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். மேலுதட்டில் மீசை அரும்பியவன், குழந்தை மாதிரி அழுதான். "லஸ்ரக்கை அனுப்பினா நானும் கூடவே போறேன் வாப்பா."

"வாயைக் கழுவுடா" என்று யமீனா ரொட்டித் தட்டை எடுத்து அவன்மேல் எறிந்தாள்.

மறுநாள் மிலூத் ஸ்லிமானைத் தேடிப் போனான். "தம்பி, அந்த ஏழு தகப்பனும் பொய். இதோட அப்பன் ரொட்டிக்காரன் வண்டியை இழுத்த குதிரை. பேரேட்டுல அடிச்சிரு."

ஸ்லிமான் விதை கொறிப்பதை நிறுத்தவில்லை. "அப்படியா அண்ணே? கள்ளப் பத்திரத்துக்கு உங்களுக்கு ரெண்டு வருஷம் சிறை. கலப்புக் குதிரைக்குக் காயடிப்பு. காயடிச்சாலும் கழுத்துல எண் சுட்டாச்சே, பீரங்கி இழுக்க எடுத்துப்பாங்க, நல்லா அடங்கி இழுக்கும். இதுல எதை முதல்ல எழுதட்டும்?"

"எதையும் எழுதாதே."

"அப்ப ஏழு தகப்பனும் இருக்கட்டும்."

குதிரை பிடிக்கும் நாள் வந்தது. பூஸியானை வழக்கம்போல மலைப்பக்கம் ஆட்டோடு அனுப்பிவிட்டு, மிலூத் லஸ்ரக்கின் லாடத்துக்கும் குளம்புக்கும் நடுவில் ஒரு கூழாங்கல்லைச் செருகினான். குதிரை நொண்டிக்கொண்டே சந்தைத் திடலுக்கு வந்தது. மிலூத் அதைவிட அதிகமாக நொண்டினான், பாவம், பதற்றத்தில்.

கேப்டன் காலைத் தூக்கினார். கொக்கியால் ஒரே நெம்பு. கல் தெறித்து ஸ்லிமானின் பேரேட்டின் மேல் விழுந்தது.

கேப்டன் குதிரையைத் தட்டிக்கொடுத்து நீளமாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"இவ்வளவு வலியிலயும் உதைக்காம நின்னுச்சாம். இந்த மாதிரிக் குதிரையைத்தான் தேடிக்கிட்டிருந்தாராம். மூட்டை சுமக்கற பட்டியல்லேர்ந்து எடுத்து முன்வரிசைப் பட்டியல்ல போடச் சொல்றாரு. கப்பல் சனிக்கிழமை."

மிலூத் குதிரையைப் பக்கத்து மரத்தில் கட்டிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தான். யமீனா தண்ணீர்த் தோற்பையோடு வந்தாள்.

"ஏங்க, எல்லாத்தையும் சொல்லிப் பாத்தாச்சு. உண்மையைச் சொல்லிப் பாத்தீங்களா?"

"எந்த உண்மை?"

"அதோட வயசு. பதினஞ்சுக்கு மேலன்னா வேண்டாமாமே."

மிலூத் எழுந்து ஓடினான். "பத்தொம்பது! இதுக்குப் பத்தொம்பது வயசு! எழுதினவன் பத்தைத் தின்னுட்டான்!"

கேப்டனின் முகம் சிவந்தது. வசந்தத்தில் பல்லைப் பார்த்து ஒன்பது என்று கையெழுத்துப் போட்டவர் அவர்தான். இப்போது இந்தக் கோவணாண்டி தனக்குப் பல் பார்க்கத் தெரியாது என்கிறானா?

"சாட்சி கேக்கறாரு" என்றான் ஸ்லிமான். "பெரியவங்க, சத்தியம் பண்ணிச் சொல்லணும். இல்லேன்னா உங்களையும் பொய்க்காகப் பிடிச்சு வெப்பாராம்."

"கைரா! கைரா மாமி எங்கே?"

மருத்துவச்சி கைராவை இரண்டு பேர் தோளைப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். தூரத்தில் இருப்பதுதான் அவளுக்குத் தெரியும், கிட்டத்தில் இருப்பது தெரியாது. கேப்டனின் தொப்பியைப் பார்த்து சலாம் வைத்துவிட்டு, குதிரையைத் தடவிப் பார்த்தாள்.

"இவனா? இவனை எனக்குத் தெரியாதா? வெட்டுக்கிளி வந்த வருஷம், விடியக்காலைல பொறந்தவன். பாதி வானம் வெளுத்திருந்துச்சு, மீதி வானத்துல வெட்டுக்கிளி. ரெண்டையும் இந்தக் கைதான் பிடிச்சுது."

"எந்த ரெண்டு?" என்று கேட்டான் ஸ்லிமான்.

"குட்டியையும் மிலூத் பிள்ளையையும்தான். லாயத்துக்கும் வீட்டுக்கும் ஓடி ஓடி என் முட்டி போச்சு. குட்டி சமர்த்து, முன்னங்காலை நீட்டிக்கிட்டு வழுக்கிக்கிட்டு வந்துச்சு. இவன் பிள்ளைதான் பிட்டத்தைக் காட்டிக்கிட்டு வந்தான். ஒரே கத்தியில ரெண்டு தொப்புளையும் அறுத்தேன். கேளுங்க, ஊரையே கேளுங்க."

ஊர் அங்கேதான் நின்றது. "ஆமா, ரெண்டும் ஒரே விடியல்தான்" என்றது ஊர். "அண்ணன் தம்பி மாதிரி வளந்துதுங்க." "வெட்டுக்கிளி வருஷம்னா பத்தொம்பது சரி." மிலூத்துக்கு உதவவேண்டும் என்று எல்லோருக்கும் அன்று அப்படி ஓர் ஆசை.

கேப்டன் பக்கத்திலிருந்த மூன்று நரைத்த தாடிகளைப் பார்த்தார். மூன்றும் தலையாட்டின.

"நீங்களும் சத்தியம் பண்ணணும் அண்ணே" என்றான் ஸ்லிமான், குரானை நகர்த்தி வைத்து. "தெளிவாச் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

மிலூத் கையை வைத்தான். ஆயுளில் முதல்முறையாக, எழுதுகிறவன் முன்னால் அவனுக்குப் பயமே இல்லை. பொய் சொல்லும்போதுதானே பயம். "லஸ்ரக்கும் என் பிள்ளையும் ஒரே விடியல்ல பொறந்தவங்க. பத்தொம்பது வருஷம் ஆகுது. சத்தியம்."

"பிள்ளை பேரு?"

"பூஸியான்! ஊருக்கே தெரியுமே!"

ஸ்லிமான் எழுதினான். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக. கேப்டன் தோளைக் குலுக்கிவிட்டு லஸ்ரக்கின் பெயர்மேல் ஒரு கோடு இழுத்தார். வயது தாண்டியது, தள்ளுபடி.

மிலூத் குதிரையின் மூக்கில் முத்தமிட்டான். கைராவின் தலையில் முத்தமிட்டான். கூட்டம் குலவையிட்டது. அவன் மரத்திலிருந்து கயிற்றை அவிழ்த்த அவசரத்தில் முடிச்சு இறுகிக்கொண்டே போனது. கடைசியில் பல்லால் கடித்து அவிழ்த்தான்.

"அண்ணே" என்று கூப்பிட்டான் ஸ்லிமான்.

"என்ன தம்பி?"

"அண்ணிக்கு இருமல் இப்ப தேவலையா?"

"எந்த இருமல்?"

ஸ்லிமான் விரலை எச்சிலில் நனைத்து, பேரேட்டில் பின்னோக்கிப் பக்கம் பக்கமாகத் தள்ளி, பழைய மஞ்சள் தாள் ஒன்றில் வந்து நின்றான். மூன்று பெண்களின் பெயருக்குக் கீழே காலியாகக் கிடந்த இடத்தில் பேனாவை வைத்தான்.

"பத்தொம்பதுங்கறது குதிரைக்குத்தான் வயசு தாண்டினது அண்ணே, மனுஷனுக்கு அதுதான் சரியான வயசு, இதை வீட்டுல கட்டிட்டு, சனிக்கிழமைக் கப்பலுக்குப் பூஸியானைக் கூட்டிட்டு வாங்க."