பால்கோவா பெட்டியில் நாற்பது உயிர்

ராஜபாளையத்தில் ஆஸ்பத்திரிகளுக்கு அடுத்தபடியாக அதிக ஆக்சிஜன் செலவழித்த மனிதர் எங்கள் ஆக்சிஜன் அண்ணாச்சிதான். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். ஆனால் அதில் ஒரு மூச்சுகூட அவர் இழுத்தது கிடையாது. அத்தனையும் மீனுக்கு.

நாங்கள் இருவரும் அங்கே ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை பார்த்தோம். நான் டெஸ்பாட்ச் கிளார்க். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். அவர் செக்கிங் சூப்பர்வைசர். லென்ஸை வைத்துத் துணியில் இழை எண்ணிப் பார்ப்பார். இழை குறைந்தால் துணியைக் கழித்துவிடுவார். மதியம் சாப்பிடப் போகும்போது அதே லென்ஸை வீட்டுக்குக் கொண்டுபோய் மீனின் செதிலை எண்ணுவார். கழித்த துணியில் மீன் பிடிக்க வலை தைத்துக்கொள்வார். சம்பளப் பட்டியலில் அவருக்கு நல்லதாக ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் வாட்ச்மேன், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார்.

மீன் தண்ணீர்ப் பையில் பயணம் செய்ய ஆக்சிஜன் அடைக்க வேண்டும். கம்பெனிக்கு எதிரே இருந்த வெல்டிங் பட்டறையில் இரும்பை நிறுத்திவிட்டு இவருடைய பைக்குத்தான் முதலில் சிலிண்டரைத் திறப்பார்கள். பெயர் அங்கே வந்ததுதான்.

ஒருநாள் காலையில் நான் பஸ் ஏறினால், மதுரையிலிருந்து வந்த அதே பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் மடியில் ஒரு பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"டிரைவர் தம்பி, செத்த பதறாம போங்க. மடியில குடும்பம் இருக்கு."

கண்டக்டர் திரும்பினார். "குடும்பமா? எத்தன பேரு?"

"ரெண்டு. ஆணு ஒண்ணு, பொண்ணு ஒண்ணு."

கண்டக்டர் குனிந்து பையை உற்றுப் பார்த்தார். "ரெண்டுமே அஞ்சு வயசுக்குக் கீழதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

ராஜபாளையம் நாய்க்குப் பேர் போன ஊர். அந்த ஊரில் மீன் வளர்க்கிறேன் என்று ஒருவர் சொன்னால் என்ன மரியாதை கிடைக்கும்? வீட்டுக்கு வருகிற விருந்தாளிகள் தொட்டிக்கு முன்னால் நின்று, "கடிக்குமா?" என்று கேட்பார்கள். கடிக்காது என்பார். "ராத்திரி சத்தம் கித்தம் கேட்டா எழுப்புமா?" எழுப்பாது என்பார். "பொறவு எதுக்கு?" என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஊரில் யாரிடமாவது இருக்கிற மீன் அவருக்கு ஆகாது. "கடையில கெடச்சா அது மீனு இல்லலே, காய்கறி" என்பார். எங்கிருந்தோ வரவழைத்துப் பிள்ளை மாதிரி வளர்த்த மீன் ஒன்று, பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் விற்பனைக்கு வந்துவிட்டது. அன்று சாயங்காலமே அத்தனையையும் வாளியில் அள்ளி எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். இன்னொரு தொட்டியில் கல்லுக்கு அடியிலேயே குடியிருக்கிற ஓர் அபூர்வ மீன் இருந்ததாகச் சொன்னார். ஒன்றரை வருஷம் போய்ப் போய்ப் பார்த்தேன். கல்லை நன்றாகப் பார்த்தேன். "இன்னைக்கு அவன் மூடு சரியில்ல" என்பார் அண்ணாச்சி.

இப்படி ஏழு தொட்டி. பின்பக்க அறை முழுக்க அதுதான். கடைசியில் ஒருநாள் மதினி, அதாவது அவருடைய வீட்டம்மா, வாயைத் திறந்தார். மகளைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். அறை வேண்டும். அண்ணாச்சி மூன்று நாள் சாப்பாட்டைக் குறைத்துப் பார்த்தார். மதினி சமையலைக் குறைத்தார். நான்காம் நாள் உடன்பாடு ஏற்பட்டது: ஆறு தொட்டி வெளியே, ஒன்று மட்டும் உள்ளே.

"ஆனா ஒண்ணு," என்றார் மதினி, என் முன்னாலேயே. "பிள்ள பொறக்குறதுக்குள்ள அதுல மீனு நிக்கணும். கல்லையும் தண்ணியையும் காட்டி ஏமாத்துனீக, பச்சப்பிள்ளத் துணிய அதுலதான் ஊற வப்பேன்."

ஒரே ஒரு தொட்டி என்றால், அதில் நிற்கிற மீன் எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்! அண்ணாச்சி தேர்ந்தெடுத்தது ஆப்பிரிக்காவில் மழைக் குட்டைகளில் வாழும் கில்லி என்ற மீனை. குட்டை வற்றினால் மீன் செத்துப்போகும். முட்டை மட்டும் மண்ணுக்குள் மாதக்கணக்கில் தூங்கும். மறுபடி மழை பெய்தால் முழித்துக்கொள்ளும். இதை டீக்கடையில் அவர் விவரித்தபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சுந்தரபாண்டியத்துக்காரர். "எங்கூரு கம்மாயில மட்டும் மீனு என்ன பஸ்ஸு ஏறியா வருது? காஞ்சு கெடந்த கம்மாயி நெறஞ்சா அதுவா வரத்தான் செய்யிது. இதுக்கு ஆப்பிரிக்கா வரைக்கும் போகணுமா?" என்றார். அண்ணாச்சி ஒரு வாரம் அந்தக் கடையில் டீ குடிக்கவில்லை.

கொச்சியிலிருந்த ஒரு மீன் நண்பரை மூன்று மாதமாக நச்சரித்ததில், கடைசியில் பார்சல் வந்தது. வீட்டுக்கு வந்தால் மதினி கேள்வி கேட்பார் என்று கம்பெனி விலாசம் கொடுத்திருந்தார். பிரித்தால் ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ளே ஈர மண். அவ்வளவுதான். லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ரவையைவிடச் சின்னதாக என்னவோ மினுங்கியது. கவரின் மேல் சிவப்பு மார்க்கரில் எழுதினார்: "25ஆம் தேதிக்கு முன் தண்ணி காட்டக் கூடாது. 40 உயிர்."

கவரை எறும்பு அண்டாமல் வைக்க ஒரு பெட்டி தேடினார். நான் ஊரிலிருந்து வாங்கி வந்து காலியாகிக் கிடந்த பால்கோவா பெட்டி கண்ணில் பட்டது. அதில் வைத்து மூடி, டெஸ்பாட்ச் அறையில் தண்ணீர்ப் பானைக்கு மேலே இருந்த குளிர்ச்சியான அலமாரியில் பத்திரப்படுத்தினார்.

வெள்ளிக்கிழமைதோறும் முதலாளி வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கி வருவது நான். அதை வைக்கிற இடமும் அதே அலமாரி. இதற்கு மேல் உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? 25ஆம் தேதிக்குப் பத்து நாள் முந்திய வெள்ளிக்கிழமை, டிரைவர் வாசலில் ஹாரன் அடித்த அவசரத்தில் கையில் கிடைத்த பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அன்றைக்கென்று முதலாளி மகனுக்குச் சம்பந்தம் பேசப் பெண் வீட்டார் வந்திருக்கிறார்கள். முதலாளியம்மா அவர்கள் முன்னால் பெட்டியைத் திறந்து, "எடுத்துக்கோங்க" என்று நீட்டியிருக்கிறார்.

பெட்டிக்குள் மண். மண்ணுக்கு மேலே சிவப்பு எழுத்தில் நாற்பது உயிர்.

அரை மணி நேரத்தில் முதலாளி கம்பெனிக்கு வந்து எங்களைக் கூப்பிட்டார். "ஏன்யா, எங்க உப்பத் தின்னுட்டு எங்க வாயிலயே மண்ணப் போடுதீகளா? நல்ல காரியம் பேசுற எடத்துல செய்வினையா? என் வீட்டம்மா நடுங்கிப்போய்க் கெடக்கா. வெளிய கொட்டக் கூடாது, தண்ணியில கரைக்கணும்னு எவனோ சொன்னான்னு பின்னாடி அல்லித் தொட்டியில கரைச்சு, எலுமிச்சம்பழம் வேற சுத்திப் போட்டிருக்கா. யாரு கொடுத்துவிட்டது?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த டெஸ்பாட்ச் நோட்டைப் புரட்டினேன்.

"நாந்தான் மொதலாளி," என்றார். "பெட்டிய மாத்தி வச்சது நாந்தான்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "கரைச்ச தண்ணி போர் தண்ணியா, கெணத்துத் தண்ணியா?" என்றார்.

"கெணத்துத் தண்ணி. எதுக்குய்யா?"

"நல்ல தண்ணி," என்றார் அண்ணாச்சி நிம்மதியாக.

அது மீன் முட்டை என்று அவர் விளக்க விளக்க முதலாளிக்குக் கோபம்தான் ஏறியது. மண்ணில் மீன் முளைக்கும் என்கிற ஆளை எந்த முதலாளி நம்புவார்? லென்ஸைப் பிடுங்கிக்கொண்டு, கழிவுத்துணி குடோனுக்கு மாற்றிவிட்டார். வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்றும் உத்தரவு.

மறுநாள் குடோனுக்குப் போனேன். "அண்ணாச்சி, நான் போயி உண்மையச் சொல்லிருதேன்."

"எதுக்குலே? நீ இன்னும் பெர்மனென்ட் ஆகல. நாளைக்கே அனுப்பிருவாக. நான் பத்தொம்பது வருசமா இங்க கெடக்கேன், என்னைய எங்க அனுப்ப? போயி வேலையப் பாரு." பிறகு துணி மூட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பத்து நாளு முன்னாடி ஊத்திட்டாகளே. அதாம்லே மனசு கேக்கல."

நான் போய் வேலையைப் பார்த்தேன். அதற்காக இன்றுவரை எனக்கு வெட்கம்தான்.

மகள் வந்தாள். பேரன் பிறந்தான். தொட்டியில் தண்ணீர் மட்டும் நின்றது. மதினி சொன்ன சொல் தவறாதவர். பிள்ளைத்துணியைக் கொண்டுவந்து தொட்டியில் போட்டார். அண்ணாச்சி காற்று மோட்டாரை மட்டும் நிறுத்தவில்லை. குமிழி குமிழியாக வந்துகொண்டே இருந்தது. "துணி நல்லா அலசிக்கிடுது, இருக்கட்டும்" என்றார் மதினி. அண்ணாச்சி எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பழைய பழக்கத்தில் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்குப் பார்க்கச் சகிக்காது.

ஒரு மாதம் போயிருக்கும். கம்பெனி போன் அடித்தது, எடுத்தேன். முதலாளியம்மா. வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பதற்றம் வந்தால் தமிழ் ஒதுங்கிக்கொள்ளும். "சேப்பலு! சேப்பலு!" என்றார். அந்த ஊரில் வேலை பார்த்த இரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட தெலுங்கு வார்த்தைகளில் அது ஒன்று. மீன்!

குடோனுக்கு ஓடினேன். அண்ணாச்சி செருப்புப் போடாமலே கிளம்பிவிட்டார்.

அல்லி இலைகளுக்கு நடுவே, சுண்டுவிரல் நீளத்துக்கு, சிவப்பு வாலும் நீல உடம்புமாக ஒன்பது மீன். அண்ணாச்சி ஈரத்தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். முதலாளியே உள்ளே போய் லென்ஸை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.

எனக்குக் கவலை வேறு. இந்த மீன் அவருடைய தொட்டிக்குப் போக வேண்டுமே! நானே துணிந்து கேட்டேன். முதலாளியம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "இது வந்த பொறவுதான் பையனுக்கு அந்த எடம் கூடுச்சு. நான் தர மாட்டேன்." செய்வினை இப்போது ராசி ஆகிவிட்டது!

அண்ணாச்சி தலையைத் தூக்கினார். "மீனு இங்கயே இருக்கட்டும்மா. தொட்டிக்கு அடியில கெடக்க மண்ணு ஒரு பிடி தாங்க. அது போதும்."

முதலாளியம்மா சிரித்த சிரிப்பு தெருவுக்குக் கேட்டிருக்கும். "எங்க வாயில மண்ணப் போட்டவருக்கு மண்ணுதான் வேணுமாம்!" என்று அவரே அள்ளி, ஒரு பால்கோவா பெட்டியில் போட்டுக் கொடுத்தார்.

அந்த மண்ணை ஈரம் குறைத்துப் பக்குவமாக வைத்திருந்து, மார்கழியில் தண்ணீர் ஊற்றினார் அண்ணாச்சி. மறுநாள் காலை, கமா அளவுக்கு ஏதோ ஒன்று நகர்ந்தது. பிறகு இன்னொன்று. மதினி வெகுநேரம் குனிந்து பார்த்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் நின்றிருக்க, "துணிக்கு நான் வேற வாளி பாத்துக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அண்ணாச்சி இப்போது ரிடையர் ஆகிவிட்டார். அந்த மீன் ஒரு வருஷம்கூட உயிரோடு இருக்காது. மண் மட்டும் பெட்டி மாறி மாறித் தொடர்கிறது. முதலாளி வீட்டில் அவருக்கு இன்றைக்கும் மண்ணுக்காரர் என்றுதான் பெயர். அவர் பெட்டியை மாற்றிய கதையை முதலாளியம்மா வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். அண்ணாச்சியும் பக்கத்தில் இருந்தால் தலையாட்டிச் சிரித்துக்கொள்வார். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அப்போது என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை.

முதலாளியம்மா இந்தப் பத்திரிகையை வாராவாரம் வாங்குகிறவர். அம்மா, அன்றைக்குப் பெட்டியை மாற்றிக் கொடுத்தது அவர் இல்லை. நான்.

இதை எழுதப் போகிறேன் என்று நேற்று அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். "எதுக்குலே இப்ப?" என்றார். எனக்கு உங்களை ரொம்பப் பிடிக்கும் அண்ணாச்சி, அதற்குத்தான் என்றேன். பின்னால் தொட்டி மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சரி, எழுது," என்றார். "ஆனா கெணத்துத் தண்ணின்னு மறக்காம போட்ரு."

போட்டுவிட்டேன், அண்ணாச்சி. நல்ல தண்ணீர்.